குதிரை மாடு அல்ல

பவானி, அந்தியூர்ப் பக்கம் மாடு தெரியாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மடியைத் தொட்டுப் பார்த்துக் கறவை சொல்வார்கள். சாணியைப் பார்த்துத் தீவனக் குறை சொல்வார்கள். சுழியைப் பார்த்து விலை பேசுவார்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டிலும் தொழுவம் காலியாக இருந்ததில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதன்முதலாகக் குதிரை வாங்குகிறவர்கள் மாட்டை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடக் கூடாது. மாட்டுக்குச் செய்கிற சில நல்ல காரியங்களே குதிரையின் உயிருக்கு உலை வைத்துவிடும்.

ஆடி மாதம் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. காது நுனிகள் உள்நோக்கி வளைந்த கத்தியவாரி, மார்வாரி, பால் வெள்ளை நுக்ரா, குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரை எல்லாம் வரிசையாகக் கட்டி நிற்கும். தோட்டத்தில் வீடு கட்டியவர்கள், வெளியூரில் சம்பாதித்துச் சேர்த்த இளைஞர்கள், பிள்ளையின் ஆசைக்கு இணங்கிய அப்பாக்கள் என்று இப்போது வாங்குகிறவர்களில் பலர் குதிரைக்குப் புதியவர்கள். எங்கள் வீட்டுக் குதிரையும் அந்தச் சந்தையிலிருந்து வந்தவள்தான். செம்பழுப்பு நிறக் கத்தியவாரிப் பெண் குதிரை, உயரம் 58 அங்குலம். நிறத்தை வைத்தே பேர் சொல்லும் வழக்கப்படி செவலை என்று கூப்பிடுகிறோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் பட்ட பாட்டை எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல்வழியே வரவழைத்தார்கள். வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிக்கிறவர்கள் இல்லை, இறைச்சியும் சோறும் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்று காரணமும் சொல்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தது, வளர்க்கத் தெரியவில்லை. 700 ஆண்டு கழிந்த பிறகும் புதிதாகக் குதிரை வாங்குகிற வீடுகளில் நான் பார்க்கிற குறை இதேதான்.

சுழிக்கு முன்னால்

சந்தையில் குதிரைக்கும் சுழி பார்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் சுழிக்கு முன்னால் பல்லையும் குளம்பையும் பாருங்கள். குதிரைக்கு முன்பற்கள் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கத் தொடங்கி ஐந்து வயதில் முழு வாயாகும். முதல் குதிரையாக வாங்குகிறவர்கள் அந்த வயதைத் தாண்டிய, ஆள் ஏறிப் பழகிய, சாதுவான பெண் குதிரையையோ காயடித்த ஆண் குதிரையையோ தேடுவது நல்லது. பழகாத குட்டியும் பழகாத ஆளும் சேர்ந்தால் இருவருக்கும் ஆபத்து.

நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கெட்டித் தரையில் நடத்தியும் ஓட்டியும் நொண்டுகிறதா என்று பாருங்கள். மூக்கில் சளி வடிந்தால் ஒதுங்கிவிடுங்கள். கிளாண்டர்ஸ் என்கிற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றச் சட்டத்தில் இடமில்லை, நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். ஆகவே ரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாங்கிவந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்றக் குதிரை, கழுதைகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள்.

வயிற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாடு அவசரமாக மேய்ந்துவிட்டு நிழலில் படுத்து நிதானமாக அசை போடும். அதற்கேற்றபடி அதன் வயிற்றில் நாலு அறைகள். குதிரைக்கு ஒரே வயிறு. அதுவும் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவுதான். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவிழ்த்துவிட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று நிறையக் கொட்டிவிட்டு இடையில் வெறும் தரையில் கட்டிவைத்தால் வயிற்றில் புண் வரும். இன்னொன்றும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் வயிற்றோடு சேருமிடத்தில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. தவறாக உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியேற வேண்டும்.

எவ்வளவு போடுவது? முதலில் எடை தெரிய வேண்டும். முன்னங்கால்களுக்குப் பின்னால் டேப் சுற்றி மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பின் முனைவரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,900ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 312 கிலோ. குடற்புழு மருந்தின் அளவுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 300 கிலோக் குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ உலர்தீவனம் அன்றாடம் தேவை. பச்சைப்புல்லாகப் போட்டால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடை பல மடங்கு கூடும்.

செவலைக்கு அடிப்படைத் தீவனம் அருகம்புல்லும் அதையே காயவைத்த உலர்புல்லும். அதோடு குதிரைமசால் அல்லது வேலிமசால் கொஞ்சம். கொள்ளு வேகவைத்து ஆறவைத்துத்தான், அதுவும் வேலை வாங்குகிற நாட்களில்தான். ஒரு கைப்பிடி கல் உப்பு, எப்போதும் நிறைந்த தொட்டித் தண்ணீர். சாதாரண நாளில் 20 முதல் 30 லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலில் அதைவிட நிறையவே கேட்கும். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். சந்தையில் என்ன தின்றுகொண்டிருந்தது என்று விற்கிறவரிடம் கேட்டு அதிலேயே ஒரு மூட்டை வாங்கிவருவது புத்திசாலித்தனம்.

இனி, மாடு வளர்க்கிற வீட்டில் கை நீட்டினால் கிடைக்கிற, குதிரைக்கு ஆகாத பொருட்கள். முதலாவது கோழித் தீவனம். ரத்தக்கழிச்சலுக்காக அதில் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு நல்லது. குதிரைக்கு மிகக் குறைந்த அளவிலேயே இதயத் தசையைச் சிதைத்துவிடும். சில கலப்புத் தீவனங்களிலும் மொனென்சின் உண்டு. பண்ணைகள் நிறைந்த நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் கோழித் தீவனத்தையும் குதிரைத் தீவனத்தையும் ஒரே கொட்டகையில் அடுக்கவே கூடாது.

இரண்டாவது, நாம் மாட்டுக்கு ஆசையாகப் போடுகிற கம்பு நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். தவிட்டில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் அந்தக் குறையை மேலும் பெருக்கும். உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவத் தொடங்கும். மாதக்கணக்கில் இது நடந்தால் முதலில் நொண்டல், பிறகு முகத்தெலும்பு இருபக்கமும் புடைத்துவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது சூபாபுல் தழை. ஆடு விரும்பித் தின்னும். குதிரை தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிப்போகும். நாலாவது வேலியோரத்து அரளி. சில இலைகளே உயிரை எடுக்கும், காய்ந்த இலையிலும் விஷம் போகாது. ஐந்தாவது பூசணம் பிடித்த கடலைக்கொடி. ஆறாவது விசேஷ வீட்டு மிச்சச் சோறு. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே அமிலம் பெருகி வயிற்று வலியும், குளம்புக்குள் வீக்கமும் வரும். குளம்பு வீக்கம் முற்றினால் குதிரை நிற்கவே முடியாமல் போகும்.

குளம்பைத் தினமும் தூக்குங்கள்

குதிரையின் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்துச் சீவ வேண்டும். லாடம் எல்லாக் குதிரைக்கும் கட்டாயமில்லை. தார்ச்சாலையில் ஓடுகிற குதிரைக்குத்தான் அவசியம். ஆனால் குளம்புக்கு அடியைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரரின் அன்றாட வேலை.

தோளருகே, குதிரையின் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். கையைத் தோளிலிருந்து முழங்கால் வழியாகக் கணுவரை அமுத்தினாற்போல் இறக்குங்கள். பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டு தானே தூக்கிக் கொடுக்கும். குளம்பின் நடுவே முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இருபுறத்துப் பள்ளங்களில் சாணமும் கல்லும் அப்பியிருப்பதைக் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கிச் சுரண்டுங்கள். கருத்துப்போய், அழுகின நாற்றம் வந்தால் ஈரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். தரையை உடனே மாற்றுங்கள். ஆணியோ முள்ளோ ஏறியிருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரையைப் போல எளிதில் இரையாகும் வளர்ப்புப் பிராணி வேறில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அதற்கான தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

கால் தூக்கும் இந்த வேலையில்தான் நெருக்கமும் பிறக்கிறது. ஓடித் தப்புவதை நம்பி வாழும் பிராணி தன் காலை நம் கையில் கொடுக்கிறது. மாடு கொம்பையும் வலிவையும் நம்பும். குதிரைக்குக் காலை விட்டால் வேறு காப்பு இல்லை.

பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றளவுக்குப் பார்க்கும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர்முன்னும், வாலுக்கு நேர்பின்னும். பாசமாக நெற்றியைத் தடவ நேராகக் கை நீட்டினால் அந்தக் கை பாதி வழியில் அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடும். இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்குங்கள். முதலில் கழுத்தைத் தொடுங்கள். பின்னால் கடந்துபோக வேண்டுமானால் பின்தொடையில் கை வைத்தபடி ஒட்டிப் போங்கள், அல்லது உதை எட்டாத தூரம் விலகிப் போங்கள்.

செவலையைப் பழக்க வந்த பெரியவர், லாயங்களிலேயே வயதைக் கழித்தவர். தலைக்கயிற்றை நான் வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கயித்தைக் கையில சுத்திராதீங்க அம்மணி. மாடு இழுத்தா சமாளிச்சிருவீங்க. இது வெருண்டு இழுத்தா வெரலு போயிரும்." கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். பழக வருகிற ஒவ்வொருவருக்கும் நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

காதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காதும் தனித்தனியாகத் திரும்பும். காது எந்தப் பக்கமோ கவனம் அந்தப் பக்கம். காதைப் பின்னால் மடித்துக் கழுத்தோடு ஒட்டவைத்தால் எச்சரிக்கை, விலகி நில்லுங்கள். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, வாய் மென்றுகொண்டிருந்தால் மனசு அடங்கியிருக்கிறது.

நம் முகத்தையும் அது படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது தெரிந்தது. வெளியே யாரிடமோ சண்டை போட்டுவிட்டு நேராக லாயத்துக்குப் போகாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

பழகுவது எப்படி

புதுக் குதிரை வந்ததும் ஊரே திரண்டு வரும், படம் எடுக்கும், பிள்ளைகளை ஏற்றிவிடச் சொல்லும். கொஞ்ச நாள் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இனக் கூட்டத்தை விட்டு வந்த பிராணி அது. இடமும் மணமும் தண்ணீரின் ருசியும் புதுசு. அதற்கு வேண்டியது, எந்த நேரத்தில் யார் வருவார், என்ன செய்வார் என்பது மாறாமல் இருப்பது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே குரல், ஒரே வரிசையில் வேலை: தண்ணீர், புல், தேய்ப்பு, குளம்பு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த குதிரை பயப்படுவதில்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான்.

தேய்ப்பதற்கு ஒரு இடம் உண்டு. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில், பிடரி மயிர் முடியுமிடத்துக்குச் சற்று முன்னால். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான். பிரான்ஸின் கமார்க் குதிரைகளில் நடந்த ஆய்வொன்று 1993இல் வெளிவந்தது. அந்த இடத்தைச் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது, வேறு இடத்தில் சொறிந்தால் அப்படிக் குறைவதில்லை என்று அதில் கண்டார்கள். கழுத்தில் ஓங்கித் தட்டிப் பாராட்டுவதைவிட விரல் நுனியால் அங்கே சொறிவது மேல்.

செவலை வந்த புதிதில் நான் அருகே போனால் கழுத்தை உயர்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய நிற்பாள். நான் கிட்டே போகாமல், தோளுக்கு நேராகக் கை எட்டும் தூரத்தில் வேறெங்கோ பார்த்தபடி நிற்பேன். அவளே மூக்கை நீட்டி என் முழங்கையை மோந்து பார்ப்பாள். மூச்சுச் சூடு தோலில் படும். அதன்பிறகுதான் கையை உயர்த்தி அந்த மேட்டில் மெதுவாகச் சொறிவேன். சில நிமிஷத்தில் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து இறங்கும், கண் பாதி மூடும். போதுமென்று தோன்றுவதற்கு முன்பே நிறுத்திவிட்டு ஒரு அடி விலகுவேன். அவள் ஒரு அடி நெருங்கி வந்தால் மறுபடி சொறிவேன். தின்பண்டத்தைக் கையில் நீட்டி அழைத்ததில்லை. அப்படிப் பழகினால் கையைக் கடித்துத் தேடும் பழக்கம் வந்துவிடும்.

குதிரை நின்றபடியே தூங்கும் என்பார்கள். அரைத் தூக்கம் நின்றபடிதான். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். அப்படிப் படுக்க, இந்த இடத்தில் ஆபத்தில்லை என்ற உறுதி வேண்டும். காலை நீட்டிப் படுத்துத் தூங்கும் குதிரை அந்த வீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. துணையிருந்தால் இந்த நாள் சீக்கிரம் வரும். இன்னொரு குதிரை இல்லாத வீட்டில் ஒரு ஆடாவது கண் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஏறுவதற்கு அவசரம் வேண்டாம். தெரிந்தவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு ஏறுங்கள். சந்தைக் கடைகளில் முள் வைத்த கடிவாளம் விற்பார்கள். இழுத்தால் உடனே நிற்கும் என்பார்கள். வாய் கிழிவதால்தான் நிற்கிறது. இழுவை, சுமைப் பிராணிகள் பற்றிய 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்கின்றன. அதை வாங்காதீர்கள், பூட்டியிருப்பதைப் பார்த்தால் கழற்றச் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரை அழைப்பது

நலமாக உள்ள குதிரை ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும், மூச்சு 8 முதல் 16, வெப்பம் 99.5 முதல் 101.3 பாரன்ஹீட். நாளுக்கு எட்டுப் பத்து முறை சாணமிடும். தீனியை வெறுத்து, முன்னங்காலால் தரையைப் பறித்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்து எழுந்து புரண்டால் அது வயிற்று வலி. துடிப்பு 60ஐத் தாண்டினால் நேரத்தை வீணாக்கக் கூடாது. மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயில் எண்ணெயும் கஷாயமும் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். தீவனத்தை எடுத்துவிட்டு, மெதுவாக நடத்தியபடி மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற இலவச எண் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு நாமக்கல், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

குதிரை 25, 30 ஆண்டு வாழும். அந்தியூரில் ஆடியில் கயிற்றைக் கையில் வாங்குமுன் மூன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: ஆண்டு முழுக்கப் புல்லுக்கு வழி, குதிரை தெரிந்த மருத்துவர் ஒருவர், தினமும் காலையிலும் மாலையிலும் நீங்களே லாயத்தில் நிற்க நேரம். மூன்றும் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் இந்த ஆடிக்கு வேண்டாம். பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த ஆடிக்குள் தயாராகுங்கள்.